ஃப்ளூரி என்பது ரகமா, ஊரா?

கேள்வி: கம்பம் பக்கம் ஒன்றரை ஏக்கரில் பன்னீர்த் திராட்சை போட்டிருக்கிறேன், ஐயா. பிரான்சிலிருந்து வந்த உறவினர் சிவப்பு ஒயின் ஒன்று கொண்டுவந்தார். வெளிர் நிறம், துவர்ப்பு ரொம்பக் குறைவு. பாட்டிலில் ‘ஃப்ளூரி’ என்று இருக்கிறது. இது என்ன ரகம்? இங்கே நடலாமா?

பதில்: ஃப்ளூரி ரகம் இல்லை, ஊர். லியோன் நகரத்துக்கு வடக்கே, சோன் ஆற்றுக்கு மேற்கே உள்ள போஜொலே மலைச்சரிவில் இருக்கிறது. அந்த வட்டாரத்தில் மொர்கோன், புரூயி, மூலன்-ஆ-வான் என்று பத்து இடங்களின் ஒயினுக்குத் தனிப்பெயர் உண்டு. ஃப்ளூரி அதில் ஒன்று. அங்கெல்லாம் ஊர்ப்பெயரைத்தான் பெரிதாகப் போடுவார்கள். உள்ளே இருக்கும் திராட்சை கமே.

கமே காய்த்துக் கொட்டும் கொடி. அதுவே அதற்கு வினையாகவும் போனது. 1395இல் பர்கண்டி கோமகன் பிலிப், விளைச்சல்தான் அதிகம், ஒயின் மட்டம் என்று சொல்லி, தன் நாட்டில் கமேயைப் பிடுங்கி எறியச் சொன்னார். அவர் ஆட்சிக்கு வெளியே தெற்கில் இருந்த போஜொலேயில் அது நிலைத்துவிட்டது. அந்த வட்டாரத்தின் வடபகுதி கிரானைட் பாறை பொடிந்த மண். புளிப்பானது, சத்துக் குறைவு. கொடியின் துள்ளலை அந்த மண்ணே அடக்குகிறது. தென்பகுதியின் களிமண், சுண்ணாம்பு நிலத்தில் அதே கமே தரும் ஒயின் சாதாரணமாகவே இருக்கும். பத்து ஊர்களும் வடக்கே அமைந்தது இதனால்தான் என்பேன்.

வளர்க்கும் முறையும் வேறு. பந்தல் கிடையாது. கிண்ணம் போல விரியும் குட்டைச் செடியாகக் கவாத்து செய்வார்கள். பழைய முறையில் ஏக்கருக்கு 4,000 செடி வரை நெருக்கி நடுவார்கள். நீங்கள் பத்தடிக்கு ஆறரை அடி விட்டிருந்தால் உங்களிடம் ஏக்கருக்கு 670 இருக்கும்.

துவர்ப்பு குறைந்ததற்கு முக்கியக் காரணம் தொட்டி. ஒரு பன்னீர்ப் பழத்தை நசுக்கிப் பாருங்கள், தோல் கறுப்பு, சாறு வெளுப்பு. கமேயும் அப்படித்தான், நிறமும் துவர்ப்பும் தோலிலிருந்துதான் இறங்க வேண்டும். அங்கே குலையை நசுக்காமல் முழுசாகத் தொட்டியில் கொட்டி மூடுகிறார்கள். அடியில் நசுங்கிய பழம் நொதித்துக் கரியமில வாயு நிரம்ப, மேலுள்ள பழங்கள் தோலுக்குள்ளேயே நொதிக்கத் தொடங்கும். தோல் சாற்றில் ஊறும் நாள் குறைவு. பழவாசனை மட்டும் தூக்கலாக வரும். நவம்பர் மூன்றாம் வியாழக்கிழமை விற்பனைக்கு வரும் புது ஒயினும் இதே வழிதான்.

சரி, நடலாமா? வேண்டாம் என்பதே என் பதில். கமேக்குக் குளிர்காலத்தில் இலை உதிர்த்து உறங்க வேண்டும். கம்பத்தில் அந்தக் குளிர் இல்லை. நம் வெப்பத்தில் புளிப்பு இறங்கிவிடும், நிறமும் சரியாக ஏறாது. உறவினர் அடுத்த முறை வரும்போது குச்சி கொண்டுவரச் சொல்லிவிடாதீர்கள். இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றும் இல்லாமல் விமான நிலையத்தைத் தாண்ட விடமாட்டார்கள்.