சட்டத்தில் இருப்பதா, கடைவீதியில் நடப்பதா?

முறைசார் நிறுவனம் என்றால் என்ன, அதை எப்படி அளக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் 'நிறுவனம்' என்றதும் கம்பெனியை நினைத்துக்கொள்ளாதீர்கள், தமிழில் இந்த ஒரு சொல்தான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம். பொருளாதார அறிஞர் டக்ளஸ் நார்த் 1990-ல் சொன்னபடி நிறுவனம் என்பது ஆட்டத்தின் விதி. கம்பெனி, சங்கம் எல்லாம் அதில் ஆடுகிறவர்கள். எழுதிவைத்து அரசு அமல்படுத்துவது முறைசார் விதி, ஊர்க் கட்டுப்பாடு, வாக்குத் தவறாத நேர்மை போன்றவை முறைசாராதவை.

அளப்பதில்தான் சிக்கல். திருப்பூரையே எடுங்கள். சிறுதொழிலுக்குத் தர வேண்டிய பணத்தை ஒப்பந்தம் இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்கிறது 2006-ஆம் ஆண்டுச் சட்டம். சட்டப் புத்தகத்தைப் பார்த்து மார்க் போட்டால் முழு மார்க். ஆனால் ஜாப் ஒர்க் செய்து பில் போட்டுவிட்டு மூன்று மாதம் போன் அடிக்கிறவரிடம் கேட்டால் வேறு மார்க் வரும், இரண்டும் ஒன்றல்ல.

பொருளாதார ஆய்வாளர்களான அசெமோகுலு குழுவினர் 2001-ல் ஒரு நாட்டின் நிறுவனங்களை அளக்க, அரசால் சொத்துப் பறிபோகும் அபாயத்துக்கான மதிப்பெண்ணை எடுத்துக்கொண்டார்கள். அது விதியை அல்ல, விளைவை அளக்கிறது என்று 2004-ல் கிளேசர் என்ற பொருளாதார அறிஞரும் கூட்டாளிகளும் மறுத்தார்கள். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. எந்த நாட்டில் தொழில் நடத்துவது எவ்வளவு எளிது என்று வரிசைப்படுத்திய உலக வங்கியின் பட்டியலோ இந்தியாவுக்கு மும்பை, டெல்லியை மட்டும் பார்த்தது. அப்புறம் தரவுக் குளறுபடியால் 2021-ல் அதையே நிறுத்திவிட்டார்கள்.