சாக்லேட் கட்டியும் ஒரு மரபணுவும்

ஐயா,

எனக்கு 36 வயது. இடது சினைப்பையில் 4 செ.மீ. அளவில் சாக்லேட் கட்டி இருப்பதாக ஸ்கேனில் வந்திருக்கிறது. எண்டோமெட்ரியோசிஸ் என்றார் மருத்துவர். அந்தத் திசுவிலேயே புற்றுநோய் மரபணு இருக்கிறது என்று படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. இது புற்றின் முதல் கட்டம்தானா? பெயர் வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

நீங்கள் படித்தது பொய்யில்லை, பாதி உண்மை. நான் மருத்துவன் அல்லன். மீதியைப் படித்தவன், அவ்வளவுதான்.

கட்டிக்குள் இருப்பது தேங்கிக் கறுத்த பழைய இரத்தம். கருப்பையின் உட்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வதுதான் எண்டோமெட்ரியோசிஸ். உங்களுக்கு அது சினைப்பையில் ஒட்டிக்கொண்டு மாதந்தோறும் கசிகிறது, வெளியேற வழியில்லை. இதிலிருந்து புற்று கிளம்பலாம் என்று 1925இலேயே எழுதினார் அமெரிக்க மருத்துவர் ஜான் சாம்ப்சன். அன்று அவருக்கு நுண்ணோக்கிதான் துணை.

மரபணுச் சான்று 2010இல் வந்தது. கனடாவின் வான்கூவர் ஆய்வாளர்கள், ‘கிளியர் செல்’ வகைச் சினைப்பைப் புற்றுக்கட்டிகள் 119இல் 55இல் ஏஆர்ஐடி1ஏ என்ற மரபணு பழுதாகியிருப்பதைக் கண்டார்கள். பரவலாக வரும் ‘ஹை கிரேடு சீரஸ்’ வகையில் 76 கட்டிகளைப் பார்த்தார்கள், ஒன்றில்கூட இல்லை. இரண்டு பெண்களிடம் புற்றை ஒட்டியிருந்த எண்டோமெட்ரியோசிஸ் திசுவிலும் அதே பழுது இருந்தது. தள்ளியிருந்த திசுவில் இல்லை. திருடனின் காலடித்தடம் வீட்டு வாசலில் தொடங்குவதைப் பார்த்த மாதிரி.

பீரோவில் அடியில் இருக்கும் புடவையை உருவும்போது மேலடுக்கு சரியாமல் ஒரு கை தாங்கிக்கொள்ளும் அல்லவா? நெருக்கிச் சுற்றிவைத்த டி.என்.ஏ.வில் வேண்டிய இடத்தை மட்டும் தளர்த்தித் தரும் புரதக் கூட்டம் ஒன்று உண்டு. அதில் ஒரு புரதத்தைச் செய்யும் மரபணுதான் ஏஆர்ஐடி1ஏ. கெட்டால், திறக்கக் கூடாத பகுதிகள் திறந்துகொள்ளும். திறக்க வேண்டியவை மூடியே கிடக்கும்.

உங்களை மிரட்டியது 2017 ஆய்வாக இருக்கலாம். புற்றே இல்லாத, ஆழமாக ஊடுருவிய எண்டோமெட்ரியோசிஸ் உள்ள 24 பெண்களில் 19 பேரின் திசுவில் மரபணுப் பிறழ்வு இருந்தது. ஐவரிடம் இருந்தவை புற்றில் காணப்படும் அதே வகை. ஆனால் மறு ஆண்டே ஜப்பானிய ஆய்வாளர்கள், நோயில்லாத கருப்பையின் உட்படலத்திலும் அத்தகைய பிறழ்வுகளைக் காட்டினார்கள். இது நான் பார்த்த எந்தத் தலைப்புச் செய்தியிலும் வரவில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. ஒரு பிறழ்வு மட்டும் புற்றை உண்டாக்குவதில்லை. எலிகளில்கூட ஏஆர்ஐடி1ஏ கெட்டதோடு பிஐகே3சிஏ என்ற இன்னொன்றும் மாறிய பிறகுதான் கிளியர் செல் கட்டி வளர்ந்தது.

அபாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். 2024இல் வந்த அமெரிக்காவின் யூட்டா மாநில ஆய்வில் எண்டோமெட்ரியோசிஸ் உள்ளவர்களுக்குச் சினைப்பைப் புற்று நான்கு மடங்கு. சினைப்பைக் கட்டியோ ஆழ ஊடுருவலோ உள்ளவர்களுக்கு ஒன்பது மடங்குக்கும் மேல். மடங்கு பயமுறுத்தும். எண்டோமெட்ரியோசிஸ் உள்ள அனைவரையும் சேர்த்துப் பார்த்தால், கூடுதலாக வந்தது பத்தாயிரம் பேருக்குப் பத்துப் பேர் அளவில்தான்.

சினைப்பைப் புற்றைச் சந்தேகித்தால் பார்க்கும் சிஏ-125 என்ற இரத்தப் பரிசோதனையில் எண் கூடியிருந்தால் பதறாதீர்கள். எண்டோமெட்ரியோசிஸே அதைக் கூட்டும். அடுத்த முறை ஸ்கேன் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு மருத்துவரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: கட்டிக்குள் திடமான பகுதி எதுவும் தெரிகிறதா, தெரிந்தால் அதில் இரத்த ஓட்டம் இருக்கிறதா?