பொம்மையைப் பேச வைக்க ஆசைப்படும் மகள்

வணக்கம் அம்மா.

பிளஸ் டூ படிக்கும் உங்கள் மகள் வென்ட்ரிலோக்விஸ்ட் (தன் உதடு அசையாமல் பேசி, பொம்மையே பேசுவதுபோல் காட்டும் கலைஞர்) ஆகப் போகிறேன் என்கிறாள். "பொம்மையை வைத்துக்கொண்டு எப்படிப் பிழைப்பாள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நன்றாகப் பிழைத்தவர்கள் உண்டு. அவர்கள் கையில் என்ன சரக்கு இருந்தது என்று பாருங்கள்.

அமெரிக்காவின் எட்கர் பெர்கன், சார்லி மெக்கார்த்தி என்ற மரப்பொம்மையோடு 1936-இல் வானொலிக்கு வந்தார். வானொலியில் உதடு அசைவதை யார் பார்க்கப் போகிறார்கள்? ஆனாலும் சுமார் இருபது ஆண்டுகள் நேயர்கள் காத்திருந்து கேட்டார்கள். சினிமாவில் அவர் உதடு அசைவது தெரிந்தது. அதையே சார்லி கிண்டல் செய்தான், ஜனங்கள் சிரித்தார்கள். பெரியவர்களை மடக்கும் அந்த வாய்த்துடுக்குப் பையனைத்தான் எல்லோருக்கும் பிடித்திருந்தது. ஆஸ்கர் அமைப்பு பெர்கனுக்கு மரத்திலேயே ஒரு சிறப்பு விருது செய்து கொடுத்தது.

பால் வின்செல் தொலைக்காட்சியில் ஜெர்ரி மஹோனி என்ற பொம்மையோடு புகழ்பெற்றவர். பிறகு கார்ட்டூனுக்குக் குரல் கொடுக்கப் போனார். டிஸ்னியின் டிக்கர் புலியும், ஸ்மர்ஃப் குட்டிகளைத் துரத்தும் கார்கமெலும் அவர் குரல்தான். நம் நாட்டில் மும்பையின் ராம்தாஸ் பாத்யே, தந்தையிடமிருந்து வந்த கலையை மேடையோடு நிறுத்தவில்லை. லிஜ்ஜத் அப்பள விளம்பர முயல் அவர் செய்த பொம்மை. 1993-இல் வந்த 'ஜபாட்லேலா' மராத்திப் படத்தின் தாத்யா விஞ்சுவும் அவருடையதே.

ஆகவே மகளிடம் மூன்று குரல்கள், மூன்று குணங்கள், சொந்தமாக எழுதிய பத்து நிமிட நகைச்சுவை ஆகியவற்றைக் கேளுங்கள். எழுத வராவிட்டால் பொம்மை எவ்வளவு அழகாக இருந்தாலும் அடுத்த மேடை கிடைக்காது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

உதட்டுப் பயிற்சி தனி உழைப்பு. ப, ம இரண்டும் உதடு மூடாமல் வராத எழுத்துகள். தமிழில் 'அம்மா', 'அப்பா' என்று தொடங்கும்போதே மாட்டிக்கொள்வாள். ம-வுக்கு ந-வையும் ப-வுக்கு த-வையும் நாக்கால் ஒலித்து, மனதில் சரியான எழுத்தை நினைத்துச் சொல்லிப் பழகுவார்கள். கண்ணாடி முன் தினம் கொஞ்ச நேரம் போதும். தொண்டை வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும்.

பட்டப்படிப்பை விட வேண்டாம். விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) எடுத்தால் ஒலிப்பதிவு, எடிட்டிங், ஸ்கிரிப்ட் மூன்றும் கைவரும். ஆரம்ப வருமானம் பள்ளி ஆண்டு விழா, பிறந்தநாள், கம்பெனி விழாக்களிலிருந்து வரும். மாதாமாதம் ஒரே அளவில் வராது. டப்பிங் கற்றுக்கொண்டால் அது கைகொடுக்கும்.

ஒன்று மட்டும் நீங்களே கவனியுங்கள். வின்செலின் நிகழ்ச்சிப் பதிவுகளை, உரிமைத் தகராறில், தயாரித்த நிறுவனமே அழித்துவிட்டது. வழக்குப் போட்டு 1986-இல் இழப்பீடு வென்றார். பதிவுகள் போனது போனதுதான். மகள் எந்தச் சேனலில் கையெழுத்திட்டாலும், பொம்மையின் பெயரும் உருவமும் பதிவுகளும் யாருக்குச் சொந்தம் என்ற வரியை ஒரு வக்கீலிடம் காட்டிவிட்டு அனுப்புங்கள்.