வெறும் நட்சத்திரத்துக்குப் பதில் தொகுப்பின் பெயர்

கேள்வி: லிஸ்ப் நிரல்மொழி படிக்கிறேன். அதை இயக்கும் எஸ்பிசிஎல்லைத் திறந்தால் வெறும் நட்சத்திரக்குறிதான் நிற்கிறது. எந்தத் தொகுப்பில் (பெயர்களைப் பிரித்து வைக்கும் பேக்கேஜ்) இருக்கிறேன் என்றே தெரியவில்லை. மாற்ற முடியுமா?
– வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: தாராளமாக மாற்றலாம். எஸ்பி-இன்ட் தொகுப்பில் *ரெப்ல்-ப்ராம்ப்ட்-ஃபன்* என்று ஒரு மாறி இருக்கிறது. ப்ராம்ப்ட், அதாவது கட்டளைக்குக் காத்திருக்கும் குறி, அதைப் பார்த்துத்தான் வருகிறது. அதில் வைக்க வேண்டியது சரம் அல்ல, ஸ்ட்ரீம் (எழுத்துகள் போகும் வெளியீட்டு வழி) ஒன்றை வாங்கும் ஃபங்ஷன். பலரும் சரத்தை வைத்துவிட்டுத் திணறுவது இங்கேதான். ஹோம் ஃபோல்டரில் உள்ள .எஸ்பிசிஎல்ஆர்சி கோப்பில், செட்எஃப் கொண்டு ஒரு லேம்டாவை (பெயரில்லாத ஃபங்ஷன்) அந்த மாறிக்குக் கொடுங்கள். லேம்டாவுக்குள் முதல் வேலை, புது வரியில் தொடங்கவைக்கும் ஃப்ரெஷ்-லைன். அதை விட்டால் முந்தைய வெளியீட்டின் வாலிலேயே ப்ராம்ப்ட் ஒட்டிக்கொள்ளும். அடுத்து, *பேக்கேஜ்* என்ற மாறியில் உள்ள இப்போதைய தொகுப்புக்குப் பேக்கேஜ்-நேம் தரும் பெயரையும் '>' குறியையும் ஃபார்மேட்டால் அதே ஸ்ட்ரீமில் எழுதுங்கள். எழுதியதை உடனே வெளியே தள்ளும் ஃபோர்ஸ்-அவுட்புட் வேண்டாம், கட்டளையை வாங்கி விடை காட்டும் ரெப்ல் அதைத் தானே செய்துகொள்ளும். 'பொருநை' என்று தொகுப்பு வைத்து இன்-பேக்கேஜ் கொடுத்தால் 'பொருநை>' என்று வரும்.

ஃபங்ஷனில் பிழை இருந்தால் ஒவ்வொரு ப்ராம்ப்ட்டுக்கும் டீபக்கரில் (பிழை வந்தால் திறக்கும் பகுதி) போய் விழுவீர்கள். அப்போது அந்தக் கோப்பைப் படிக்காமல் தொடங்கவைக்கும் --நோ-யூசர்இனிட் கொடுத்துத் திறந்து, கோப்பைத் திருத்துங்கள். டீபக்கரின் '0]' என்ற ப்ராம்ப்ட் இந்த மாறியால் மாறாது. ஈமேக்ஸ் எடிட்டரில், லிஸ்ப்புக்கான ஸ்லைம் வழியாக வந்தாலும் இந்த மாறிக்கு வேலையில்லை. அந்த ப்ராம்ப்ட்டை ஸ்லைமே போடுகிறது.