எல்டன் ரிங்: அஸ்ட்ராலஜர் எடுத்து மார்கிட்டிடம் மாட்டிக்கொண்டால்

எல்டன் ரிங் வீடியோ கேமில் மந்திரம் வீசும் அஸ்ட்ராலஜரை எடுத்து, ஆரம்பத்திலேயே வரும் பெரிய எதிரியான மார்கிட்டிடம் தோற்றுக்கொண்டே இருந்தாலும் ஆட்டத்தை முதலிலிருந்து தொடங்க வேண்டாம். 'தப்பான கிளாஸை எடுத்துவிட்டேனா, சாமுராய் எடுத்திருக்கணுமா' என்று கேட்டிருந்தீர்கள். இந்த ஆட்டத்தில் கிளாஸ் என்பது தொடக்கப் புள்ளிகளும் கையில் தரும் பொருட்களும் மட்டும்தான். அஸ்ட்ராலஜரும் பிறகு சாமுராயின் வாளான கட்டானாவைத் தூக்கலாம்.

இரண்டு அடியில் சாகிறேன் என்கிறீர்களே, காரணம் அநேகமாக வைகர், அதாவது உயிர் அளவைத் தீர்மானிக்கும் புள்ளி. அஸ்ட்ராலஜருக்கு அது வெறும் 9-இல் தொடங்குகிறது. எதிரிகளைக் கொன்று கிடைத்த ரூன் முழுவதையும் மந்திர பலம் தரும் இன்டெலிஜென்ஸில் கொட்டியிருப்பீர்கள். நானும் அதையேதான் செய்தேன், மார்கிட் நிற்கும் அந்தப் பாலத்தில் ஒரு ராத்திரி முழுக்கச் செத்தேன்.

ஓய்வெடுக்கும் இடமான கிரேஸில் உட்கார்ந்து இரண்டு விஷயம் பாருங்கள்:

1. குடுவைகளில் மந்திர சக்தியை நிரப்பும் நீலம் எத்தனை? ஒன்றே ஒன்று என்றால் உயிரை நிரப்பும் சிவப்பில் ஒன்றிரண்டைக் குறைத்து இதற்கு மாற்றுங்கள். செலவே இல்லை.
2. எக்விப் லோட் (நீங்கள் சுமக்கும் எடை) 70 சதவீதத்தைத் தொட்டால், அடியிலிருந்து தப்பிக்கும் உருளல் மூட்டை உருளுவது மாதிரி ஆகிவிடும். கனமான கவசத்தைக் கழற்றுங்கள்.

அப்புறம், மார்கிட் தடியை ஓங்கி அப்படியே நிறுத்திவைப்பான். அந்த இடைவெளியில் பெப்பிள் மந்திரத்தை வீசத்தான் கை துறுதுறுக்கும். வீசாதீர்கள். தடி தரையில் விழுந்த பிறகு வீசுங்கள்.

ஒன்று மட்டும்: பின்னால் ரென்னாலா என்ற எதிரியை வென்றால் லார்வல் டியர் என்ற பொருளைக் கொடுத்துப் புள்ளிகளை மாற்றி அமைக்கலாம், ஆனால் கிளாஸின் தொடக்க அளவுக்குக் கீழே எதையும் இறக்க முடியாது. அந்த லார்வல் டியரும் கணக்காகத்தான் கிடைக்கும்.