'மக்கும்' டீ பேக் ஏன் மக்கவில்லை?

கேள்வி: தினமும் மூன்று வேளை டீ பேக்தான். அதில் பிளாஸ்டிக் இருக்கிறது என்று படித்ததும், விலை கூடினாலும் பரவாயில்லை என்று 'மக்கும்' வகைக்கு மாறினேன். குடித்த பைகளைத் தொட்டி மண்ணில் புதைத்தேன். மாதக்கணக்காகியும் வலை அப்படியே இருக்கிறது. இத்தனை நாள் குடித்தது உடம்பைப் பாதிக்குமா?

பதில்: பதற வேண்டாம், பழக்கத்தை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். 2019இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் பிளாஸ்டிக் டீ பேக்குகளை 95 டிகிரி நீரில் ஊறவைத்துப் பார்த்தார்கள். ஒரு பையிலிருந்து சுமார் 1,160 கோடி பிளாஸ்டிக் நுண்துகள்கள் வந்ததாகக் கணக்கிட்டார்கள். எண்ணிக்கை மிகை என்று மறுத்த ஆய்வாளர்களும் உண்டு. இந்தத் துகள்களால் இன்ன நோய் வரும் என்று இன்னும் நிரூபணமாகவில்லை. தவிர்ப்பது இவ்வளவு சுலபமாக இருக்கும்போது நிரூபணத்துக்காக ஏன் காத்திருக்க வேண்டும்?

உங்களை ஏமாற்றியது அட்டையில் இருந்த அந்த ஒரு சொல். இப்படிப்பட்ட வலைப் பைகள் பெரும்பாலும் பிஎல்ஏ (பாலிலாக்டிக் அமிலம்) என்ற பொருளால் ஆனவை. சோளம் போன்ற பயிர்களின் மாவுச்சத்திலிருந்து செய்தாலும் அதுவும் பிளாஸ்டிக்தான். 60 டிகிரி அளவுக்குச் சூடேறும் தொழிற்சாலை உரக்கிடங்கில் மக்கும், தொட்டி மண்ணில் மக்காது. விற்பவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். மொத்தமாக வாங்கி, பச்சை இலைப் படம் போட்ட டப்பாவில் அடைத்து விற்கும் இடைத்தரகர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். 'பட்டுப் பை' என்பார்கள். பட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, பெரும்பாலும் நைலான். 'தாவரத்தில் செய்தது' என்றால் மக்கும் என்று அர்த்தமில்லை. 'வீட்டு உரக்குழியில் மக்கும்' என்று சான்றோடு எழுதியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். உள்ளே இருக்கும் இலையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்களை, கொதிநீரில் முக்கும் பை எதனால் ஆனது என்று ஒரு வரி எழுத வைக்க எத்தனை வருடம் வேண்டும்?

சரி, காகிதப் பை? ஓரங்களைச் சூட்டில் ஒட்டுவதற்காகப் பல காகிதங்களில் பாலிபுரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக் இழை கலக்கிறார்கள். இதற்கு ஒரு விலக்கு உண்டு. இரண்டு அறையாக மடித்து, நூலால் முடிந்தோ பின் குத்தியோ மூடிய பைக்கு அந்த ஒட்டு தேவையில்லை. ஊறிய பையைப் பிரித்துப் பாருங்கள். ஒரே நீளக் காகிதமாக விரிந்தால் அந்த வகை. ஓரம் அழுத்தி ஒட்டியிருந்தால் வேறு. ஆனால் நூல் தொங்குகிறது என்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள்; ஒட்டிய பையிலும் நூல் தொங்கும். பின் குத்திய பை என்றால், பின்னை எடுத்த பிறகே மண்ணில் போடுங்கள்.

மற்றபடி தூளாகவோ இலையாகவோ வாங்கி, எவர்சில்வர் வடிகட்டியில் வடித்துக் குடியுங்கள். கையிலிருக்கும் பைகளை வெட்டித் தூளை மட்டும் பயன்படுத்தலாம். மண்ணில் புதைத்த வலைகளைத் தோண்டி எடுத்துக் குப்பையில் போட்டுவிடுங்கள்.