வீட்டு வயரிங்குக்கும் கிணற்று மோட்டருக்கும் மலிவான மெகர் எது?

வீட்டு வயரிங்கும் தோட்டக் கிணற்று மோட்டரும் பார்ப்பவருக்குக் குறைந்த விலையில் எந்த மெகர் (வயரின் இன்சுலேஷன் நல்லதா என்று உயர்ந்த வோல்ற் கொடுத்து அளக்கும் மீற்றர்) சரி என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் கிளிநொச்சிப் பக்கம் இதே வேலைதான் செய்கிறேன். பிராண்டை விட, 500 வோல்ற் உண்மையிலேயே வருகிறதா என்பதைப் பாருங்கள்.

230 வோல்ற் வயரிங்கை 500 வோல்ற் டீசியில் சோதிக்க வேண்டும், குறைந்தது 1 மெகா ஓம் காட்ட வேண்டும் என்கிறது பி.எஸ். 7671 என்ற பிரித்தானிய வயரிங் விதி. மூன்று பேஸ் மோட்டருக்கும் அதே 500 போதும். 250 வோல்ற்றும் இருந்தால் நல்லது, பழைய வயரை முதலில் அதில் சோதித்துப் பார்க்கலாம். 1000 வோல்ற்றுக்குக் காசு கூடக் கொடுக்காதீர்கள். பெட்டியில் ‘5 கிகா ஓம் வரை’ என்று போட்டிருப்பதும் நமக்குப் பெரிதாக உதவாது. வயர் நல்லதா கெட்டதா என்ற தீர்மானம் நடப்பதே 1, 2 மெகா ஓமுக்குள்தான்.

மலிவு மீற்றர்கள் சறுக்குவதும் அங்கேதான். சும்மா இருக்கும்போது 500 காட்டும், சுமை வந்ததும் படுத்துவிடும். வாங்கும் முன் கடையிலேயே பார்த்துவிடலாம். 470 கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டை, அரை வாட் ஆனதாக, தொடராக முறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். அதன் இரு முனையிலும் மெகரைக் கொழுவி, மல்டிமீற்றரை டீசி 1000 வோல்ற்றில் வைத்துப் பக்கத்தில் இணைத்து, பட்டனை அழுத்துங்கள். 500க்குக் கிட்ட நிற்க வேண்டும். 350க்கு விழுந்தால் அது வேண்டாம். பிறகு மல்டிமீற்றரைக் கழற்றிவிட்டு மெகர் காட்டுவதைப் பாருங்கள், 0.94 ஒட்டி வரவேண்டும். கடைக்காரர் முகத்தைச் சுளித்தால் வேறு கடை பாருங்கள்.

மல்டிமீற்றரே போதாதா என்றும் சிலர் கேட்பார்கள். அது சில வோல்ற்றில்தான் அளக்கும், ஈரம் ஏறிய சுற்றை நல்லது என்று சொல்லிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளியே கிடந்த மோட்டர் மெகரில் 1க்குக் கீழே காட்டும். உடனே காயில் திரும்பச் சுற்றக் கொடுக்காமல் நன்றாகக் காயவைத்துத் திரும்பப் பாருங்கள், பல மோட்டர்கள் ஏறிவிடும். ஏறாதவைதான் கடைக்குப் போகவேண்டியவை.

மற்றபடி, கேட் 3 (CAT III), 600 வோல்ற் என்ற பாதுகாப்புத் தர எழுத்து, கரண்ட் இருந்தால் எச்சரிப்பது, சோதனை முடிந்ததும் வயரில் தேங்கிய மின்சாரத்தைத் தானாக டிஸ்சார்ஜ் செய்வது, இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் அதைத் தொடாதீர்கள். கியோரிட்சு போன்ற ஜப்பான் பிராண்டுகளின் பழைய முள் மெகர் நல்ல நிலையில் கிடைத்தால் புதுச் சீனச் சாமானை விட அதையே எடுப்பேன், ரெசிஸ்டர் சோதனை அதற்கும் உண்டு. கையால் சுற்றும் பழசும் மோட்டருக்கு நல்லதுதான், ஆனால் ஏணியில் நின்றுகொண்டு சுற்றிப் பாருங்கள், தெரியும்.

வாங்கிய பிறகு ஒரு விஷயம்: மெயினை நிறுத்தி, எல்.ஈ.டி. பல்ப், இடிக்காகப் போட்ட சேர்ஜ் அரெஸ்டர், பிளக்கில் உள்ள சார்ஜர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத்தான் 500 வோல்ற்றைக் கொடுக்க வேண்டும். அரெஸ்டரை மறந்தால் நல்ல வயரிங்கும் பழுதென்று காட்டும், வீட்டுக்காரர் சுவரை உடைக்கச் சொல்லிவிடுவார்.